குறட்டை திடீர்னு நின்னா நிம்மதி இல்லை: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் யாரும் கேட்காத ஸ்லீப் ஆப்னியா கேள்வி

பொதிகை எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பர் கோச்சில் ஒரு தடவையாவது ஊருக்கு வந்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். விழுப்புரம் தாண்டுவதற்குள் லைட்டை அணைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் லோயர் பெர்த்தில் இருக்கும் பெரியவர் குறட்டையை ஆரம்பிப்பார். கோச்சே விழித்துக் கிடக்கும், அவர் மட்டும் தூங்குவார். திடீரென்று சத்தம் நின்றுவிடும். 'அப்பாடா' என்று நாம் புரண்டு படுப்போம். பத்து, இருபது விநாடி போகும். யாரோ கழுத்தைப் பிடித்திருந்துவிட்டு அப்போதுதான் கையை எடுத்த மாதிரி ஒரு பெரிய செருமல் கேட்கும். மறுபடியும் குறட்டை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை இதே கதைதான். காலையில் எழுந்து பையை எடுக்கும்போது அவர் சொல்வார்: "நல்ல தூக்கம், ஆனா ஏன்னு தெரியல, தலை வலிக்குது."

நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்ட அந்த இருபது விநாடிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அந்த நேரத்தில் அவருக்கு மூச்சு ஓடவில்லை. அது அவருக்கே தெரியாது. தெரிந்தவர்கள் எதிர் பெர்த்தில் இருந்த நாம்தான். நாமும் சொல்லவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

மூக்கிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழியில், நாக்குக்குப் பின்னால் இருக்கும் தொண்டைப் பகுதி எலும்பு இல்லாத குழாய். அதைத் திறந்து வைத்திருப்பது சுற்றியுள்ள தசைகள். தூங்கும்போது உடம்பில் எல்லாத் தசைகளும் தளர்வதுபோல இவையும் தளரும். வழி கொஞ்சம் குறுகினால், போகிற காற்றில் மென்மையான சதை அதிரும். அதுதான் குறட்டை. வழி முழுசாக ஒட்டிக்கொண்டால் காற்றே போகாது. நெஞ்சும் வயிறும் மூச்சு இழுக்கப் போராடிக்கொண்டிருக்கும், ஆனால் உள்ளே எதுவும் போகாது. இது குறைந்தது 10 விநாடி நீடித்தால் மருத்துவர்கள் 'ஆப்னியா' என்கிறார்கள். 'மூச்சின்மை' என்று அர்த்தம் தரும் கிரேக்கச் சொல்.

ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அலாரம் அடிக்கும். ஆள் சில விநாடி மட்டும் அரைகுறையாக விழிப்பார், தொண்டைத் தசை இறுகும், வழி திறக்கும், அந்தச் செருமல் வரும். மறுபடியும் தூக்கம், மறுபடியும் அடைப்பு. இந்த விழிப்புகள் அத்தனை சின்னவை என்பதால் காலையில் ஒன்றும் நினைவிருக்காது.

ஒரு மணி நேரத்துக்கு இப்படி எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது பெருமளவு குறைகிறது என்பதைத்தான் 'ஏ.ஹெச்.ஐ.' என்ற எண்ணாக ரிப்போர்ட்டில் கொடுப்பார்கள். 5-க்குக் கீழே இருந்தால் சாதாரணம். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை. 210 தடவை ஒருவர் உங்களைத் தட்டி எழுப்பினால் காலையில் எப்படி இருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

'அவர் குண்டு, அதான் குறட்டை' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எடை முக்கியக் காரணம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. தாடை சின்னதாகவோ பின்னால் தள்ளியோ இருந்தால், ஒல்லியான ஆளுக்கும் நாக்குக்குப் பின்னால் இடம் குறைவுதான். இதற்கு நம்ம ஊர்க்காரர்களுக்குப் புரிகிற உதாரணம் ஒன்று உண்டு. 1987-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், தூக்கத்தில் மூச்சுத்தடை இயற்கையாகவே வரும் விலங்கு என்று ஒரு நாயைப் பதிவு செய்தார்கள். அது இங்கிலிஷ் புல்டாக். சப்பை மூக்கு, தொங்கும் சதை, குறுகிய தொண்டை. நீண்ட முகமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட நம்ம ராஜபாளையம் நாயைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். முக அமைப்பு காற்றுக்கு எவ்வளவு இடம் விடுகிறது என்பது கண்ணாலேயே தெரியும். மனிதர்களிலும் இதே கணக்குதான். தெற்காசியர்களுக்கு, மேற்கத்தியர்களைவிடக் குறைந்த எடையிலேயே இந்தப் பிரச்சினை வருவதற்கு முக அமைப்பும் கழுத்திலும் வயிற்றிலும் கொழுப்பு சேரும் விதமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

தொண்டை அடைபடாமலேயே, 'மூச்சு விடு' என்ற கட்டளையை மூளையே அனுப்பத் தவறும் வகையும் உண்டு. இதய பலவீனம் உள்ளவர்களிடமும் சில வலி மருந்துகள் எடுப்பவர்களிடமும் பார்க்கலாம். அது அரிது, சிகிச்சையும் வேறு. இங்கே பேசுவது அடைப்பு வகையைத்தான்.

பப்பி லஹிரி செய்தி வந்த நாள்

இந்தியாவில் பலரும் ஸ்லீப் ஆப்னியா என்ற பெயரை முதல் தடவை கூகுள் செய்தது 2022 பிப்ரவரியில் இருக்கலாம். அந்த மாதம் 15-ம் தேதி இரவு இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பை மருத்துவமனையில் இறந்தார். வயது 69. ஒரு மாதம் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர், மறுநாளே மறுபடியும் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியாவும், திரும்பத் திரும்ப வந்த நெஞ்சுத் தொற்றும் அவருக்கு இருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள்.

அடுத்த நாள் 'குறட்டை உயிரைக் கொல்லுமா?' என்ற தலைப்புகள் ஓடின. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தத் தலைப்பு ஏன் வருகிறது என்று தெரியும். ஆனால் அது பாதி உண்மை. ஸ்லீப் ஆப்னியா பெரும்பாலும் ஒரே ராத்திரியில் ஆளைக் கொல்வதில்லை. வருடக்கணக்கில் தேய்க்கிறது.

ஒவ்வொரு அடைப்பின்போதும் ஆக்சிஜன் இறங்கி ஏறுகிறது, அட்ரினலின் பாய்கிறது, ரத்த அழுத்தம் துள்ளுகிறது. தினமும் இரவெல்லாம் இது நடந்தால் பகலிலும் பி.பி. இறங்க மறுக்கும். மூன்று மாத்திரை போட்டும் பி.பி. கட்டுப்படாதவர்களில் பலருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம், டைப் 2 சர்க்கரை நோய் ஆகியவற்றுடனும் இதற்குத் தொடர்பு உண்டு. ராத்திரி இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுவதை நாம் சர்க்கரை என்றோ வயசு என்றோ நினைக்கிறோம். அடைபட்ட மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி, இதயம் விரிந்து, 'தண்ணீரை வெளியேற்று' என்று சிறுநீரகத்துக்கு ஹார்மோன் செய்தி போவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்திய ஆய்வுகளைத் தொகுத்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட மதிப்பீடு, வேலை செய்யும் வயதில் உள்ள சுமார் 10.4 கோடி இந்தியர்கள் என்கிறது. ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5 சதவீதம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு நடுத்தரம் அல்லது தீவிரம். இவர்களில் பெரும்பாலானவர்கள் இதற்காக ஒரு டாக்டரையும் பார்த்ததில்லை. ஏனென்றால் நம்ம வீடுகளில் குறட்டை என்பது அசந்து தூங்குவதன் அடையாளம். "உழைச்ச உடம்பு, நல்லா தூங்குறார்" என்றுதான் எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்.

ஷிஃப்ட் ஊரில் தூக்கக் கலக்கத்துக்குக் காரணம் தேட மாட்டார்கள்

ராஜபாளையம் ஸ்பின்னிங் மில் ஊர். மூன்று ஷிஃப்ட். பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். ஊருக்குள் போகும் என்.எச். 744 திருமங்கலத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாக மலை ஏறி கொல்லம் போகிறது. ராத்திரி முழுக்கக் கேரளா லாரிகள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் பகலில் தூங்கி வழிந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. 'நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு வந்திருக்கார்.' முடிந்தது. பல நேரம் அது சரியும்கூட. இரவு வேலை பார்ப்பவர் பகல் வெயிலில், தெருச் சத்தத்தில், நான்கு மணி நேரம் தூங்கினால் கலக்கம் இருக்கத்தான் செய்யும். அதற்கு ஸ்லீப் ஆப்னியா தேவையில்லை. சிக்கல் என்னவென்றால், ஷிஃப்ட் என்ற காரணம் எப்போதும் கையில் தயாராக இருப்பதால் இரண்டாவது காரணத்தை யாரும் தேடுவதே இல்லை. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: வாராந்திர லீவில், பண்டிகையில், ஏழு எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கிய பிறகும் அதே கலக்கமா? அப்படியென்றால் ஷிஃப்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

இது ஒருவரின் உடம்புப் பிரச்சினையோடு நிற்பதில்லை என்பதற்கு ஒரு சம்பவம். 2013 டிசம்பர் 1, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. காலை நேரப் பயணிகள் ரயில் ஒன்று, மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் 132 கி.மீ. வேகத்தில் போய்த் தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: ஓட்டுநர் கண் அயர்ந்திருந்தார். அவருக்குத் தீவிர ஸ்லீப் ஆப்னியா இருந்தது, அதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. விபத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் மாலை ஷிஃப்டிலிருந்து அதிகாலை ஷிஃப்டுக்கு மாறியிருந்தார். நோயும் ஷிஃப்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் ஓட்டுநர் உரிம விதிகளில் ஸ்லீப் ஆப்னியாவைச் சேர்த்தது. நடுத்தர அல்லது தீவிர நோய் இருக்கும் என்ற சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். சிகிச்சை எடுத்து நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டினால் வண்டி ஓட்டலாம். இந்தியாவில் லைசென்ஸ் எடுக்கும்போது தரும் உடல்தகுதி அறிவிப்பில் வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் பற்றிக் கேட்கிறார்கள். தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

இங்கே லாரி டிரைவர் ஒருவரின் இடத்திலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. 'எனக்கு இந்த நோய் இருக்கு' என்று முதலாளியிடம் சொன்னால் அடுத்த லோடு வேறு ஆளுக்குப் போகும். நாளைக்கு அரசு ஒரு விதி கொண்டுவந்து, கண்டுபிடித்தால் லைசென்ஸ் போச்சு என்று வைத்தால், ஒரு டிரைவரும் டெஸ்ட்டுக்கு வர மாட்டார். எல்லாரும் 'எனக்குக் குறட்டையே இல்ல சார்' என்பார்கள். சிகிச்சை எடுத்தால் வேலை பத்திரம் என்ற உறுதி முதலில் வர வேண்டும், டெஸ்ட் அதற்கப்புறம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது சாலையில் எவ்வளவு நடந்தது என்பது தனிக் கதை.

விபத்து நடந்த பிறகு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நல்ல திட்டம். அந்த வண்டியை ஓட்டியவர் முந்தின நாள் எப்படித் தூங்கினார் என்பது அதன் வேலை அல்ல. அது வேறு யாருடைய வேலையும் அல்ல என்பதுதான் பிரச்சினை.

பெண்கள் கணக்கில் வருவதில்லை

மேலே சொன்ன 5 சதவீதத்தை நான் அப்படியே நம்பத் தயங்குகிறேன். பெண்களிடம் இந்த நோய் பல நேரம் பலத்த குறட்டையாக வருவதில்லை. தூக்கமே சரியாக வரவில்லை, காலையில் தலைவலி, நாள் முழுக்க அசதி, மனச்சோர்வு. இதையெல்லாம் சொன்னால் 'ரத்தம் கம்மியா இருக்கும்', 'தைராய்டு பாரு', 'வீட்டு டென்ஷன்' என்று போய்விடும். மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடுகிறது. இன்னொன்று, பெண் குறட்டை விடுவது நம்ம ஊர்ல வெட்கமான விஷயம். கல்யாண வீட்டு ஹாலில் வரிசையாகப் படுக்கும்போது, குறட்டை வந்துவிடுமோ என்று கடைசிவரை விழித்திருக்கும் சித்திகளை எனக்குத் தெரியும். கணவரின் குறட்டையை மனைவி டாக்டரிடம் சொல்வார். மனைவியுடையதைச் சொல்ல அந்தக் கணவர் பெரும்பாலும் கூடப் போயிருக்கவே மாட்டார்.

குழந்தைகளுக்கும் வரும். வாயால் மூச்சு விட்டபடி, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்கும் குழந்தை, தினமும் குறட்டை விடும் குழந்தை என்றால் டான்சில், அடினாய்டு வீக்கமாக இருக்கலாம். குழந்தைகள் பெரியவர்கள் மாதிரி தூங்கி வழிய மாட்டார்கள். துறுதுறுவென்று ஆடுவார்கள், பாடத்தில் கவனம் நிற்காது, படுக்கையை நனைப்பார்கள். டீச்சர் 'சேட்டை' என்று டைரியில் எழுதி அனுப்புவார். இ.என்.டி. டாக்டரிடம் ஒரு தடவை காட்டுவது நல்லது. பல குழந்தைகளுக்கு அந்தச் சதையை எடுத்தாலே சரியாகிவிடும்.

எட்டுக் கேள்வி, ஒரு போன்

ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளைச் சோதிக்க 2008-ல் கனடாவின் டொரொன்டோவில் உருவாக்கிய 'ஸ்டாப்-பேங்' என்ற கேள்விப் பட்டியல் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பலத்த குறட்டையா, பகலில் சோர்வா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா, பி.பி. உண்டா, பி.எம்.ஐ. 35-க்கு மேலா, வயது 50-க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா, ஆணா. மூன்று 'ஆம்' என்றால் கவனிக்க வேண்டும். ஐந்து என்றால் வாய்ப்பு அதிகம். ஒரு எச்சரிக்கை: பி.எம்.ஐ. 35 என்பது நமக்கு ரொம்ப உயரமான கோடு. இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே உடல்பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு 'இல்லை' வந்துவிட்டது என்று நிம்மதி ஆக வேண்டாம்.

இந்த எட்டில் மூன்றாவது கேள்விக்குத் தனியாக இருப்பவரால் பதில் சொல்ல முடியாது. சென்னை, பெங்களூரு மேன்ஷனில் தனி ரூமில் இருக்கும் ஐ.டி. தம்பிகளுக்கு இது பொருந்தும். போனைத் தலைமாட்டில் வைத்து ஒரு ராத்திரி ஆடியோ ரெக்கார்ட் செய்யுங்கள். ஊரில் அப்பா அம்மா என்றால், அடுத்த தடவை போகும்போது இரண்டு நிமிட வீடியோ போதும். டாக்டரிடம் 'கொஞ்சம் குறட்டை விடுவார் சார்' என்று சொல்வதைவிட அந்த வீடியோ நூறு மடங்கு பேசும். ஸ்மார்ட் வாட்ச்களில் இப்போது இந்த வசதி வந்துவிட்டது. சாம்சங், ஆப்பிள் இரண்டுக்கும் 2024-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆனால் வாட்ச் தருவது எச்சரிக்கை மட்டுமே. நோயை உறுதி செய்யாது. அது எதுவும் காட்டவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது.

உறுதி செய்ய ஸ்லீப் ஸ்டடி வேண்டும். முழுமையான பரிசோதனை என்றால் மருத்துவமனையில் ஓர் இரவு படுக்க வேண்டும். மூளை அலை, கண் அசைவு, மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாம் பதிவாகும். ராஜபாளையத்திலிருந்து இதற்கு மதுரை போகிறவர்கள்தான் அதிகம். ஒரு வழிக்கு 85 கி.மீ. சொச்சம், ஒரு நாள் கூலி, கூட ஒரு ஆள். ஆனால் சந்தேகம் வலுவாக உள்ள பலருக்கு வீட்டிலேயே செய்யும் சிறிய டெஸ்ட் போதும். நெஞ்சில் ஒரு பெல்ட், மூக்கில் ஒரு சின்னக் குழாய், விரலில் ஒரு கிளிப். கருவியை வாங்கிப் போய், கட்டிக்கொண்டு தூங்கி, காலையில் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. நீங்கள் உண்மையில் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பதை அது அளக்காது என்பதால் எண் கொஞ்சம் குறைவாக வரலாம். ரிசல்ட் 'நார்மல்', தொந்தரவு மட்டும் அப்படியே என்றால் மதுரை பஸ் ஏறுவதைத் தவிர வழியில்லை. நெஞ்சக மருத்துவர், இ.என்.டி. மருத்துவர் இருவரில் யாரிடமும் தொடங்கலாம்.

காற்றை ஊதும் பெட்டி

1980 வரை தீவிர ஸ்லீப் ஆப்னியாவுக்குப் பெரிய சிகிச்சை ஒன்றுதான். தொண்டையில் ஓட்டை போடுவது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்து, மூக்கு வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் தொடர்ந்து செலுத்திப் பார்த்தார். அடைபடும் தொண்டை, காற்று நிரம்பிய டியூப் மாதிரி திறந்தே நின்றது. 1981-ல் 'தி லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளின் முடிவை வெளியிட்டார். அதுதான் இன்றைய சிபேப் மெஷின்.

அழுத்தம் என்றதும் பயப்பட வேண்டாம். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 செ.மீ. ஆழம் விட்டுக் குமிழி ஊதுங்கள். பலருக்குத் தேவைப்படுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். இது ஆக்சிஜன் மெஷின் அல்ல. அறைக் காற்றைத்தான் ஊதுகிறது. கோவிட் வார்டு ஞாபகத்தில் 'மாஸ்க் போட்டா சீரியஸ்' என்று வீட்டில் பெரியவர்கள் மிரளுவார்கள், அவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

மெஷின் விலை 30,000 ரூபாய் அளவில் தொடங்கி, வகையைப் பொறுத்து அதைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் போகும். மாஸ்க், ஃபில்டர் அவ்வப்போது மாற்ற வேண்டும். மில் தொழிலாளி வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. பழைய மெஷின் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். உள்ளே சத்தம் குறைக்க வைத்த ஃபோம் சிதைந்து மூச்சில் கலக்கலாம் என்று, பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் மெஷின்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. மாடல், தயாரிப்பு ஆண்டு பார்க்காமல் செகண்ட் ஹேண்ட் வேண்டாம்.

வாங்குவதைவிடக் கஷ்டம், போட்டுக்கொண்டு தூங்குவது. முதல் வாரம் பலருக்கு எரிச்சல்தான். மூக்கு காயும், மாஸ்க் ஓரத்தில் காற்று கசியும், நடு ராத்திரி தூக்கத்திலேயே கழற்றி எறிவார்கள். இதில் பெரும்பாலானவை மாஸ்க் சைஸ் மாற்றினால், ஈரப்பதம் சேர்க்கும் வசதியைப் போட்டால் சரியாகும். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுவது உதவும். விற்றுவிட்டுப் போன கடைக்காரர் மறுபடி போன் எடுப்பாரா என்பதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். கரண்ட் போனால்? ஈரப்பத வசதி இல்லாமல் ஓட்டினால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும்.

சிபேப் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொன்னால் அது விளம்பரம். ஏற்கெனவே இதய நோய் அல்லது பக்கவாதம் வந்த 2,717 பேரிடம் நடத்திய 'சேவ்' என்ற பெரிய ஆய்வு 2016-ல் வெளியானது. சிபேப் போட்டவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அதே ஆய்வில் அவர்கள் மெஷினைப் போட்டது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். பாதித் தூக்கத்துக்கு மட்டும் சிகிச்சை எடுத்தால் இதயத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தூக்கக் கலக்கம் குறைவதே அவருக்குப் போதிய காரணம்.

லேசான நோய்க்கு மெஷின் இல்லாமலும் வழி உண்டு. மல்லாந்து படுக்கும்போது மட்டும் வருகிறவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே பாதிச் சிகிச்சை. டி-ஷர்ட் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்து வைப்பது பழைய வைத்தியம், வேலை செய்யும். தூங்கப் போகும் முன் குடித்தால் தொண்டைத் தசை இன்னும் தளரும். ராத்திரி ஒரு 'கட்டிங்' போட்டால்தான் தூக்கம் வரும் என்பவர்களுக்கு மூச்சு அதிகம் நிற்பது அன்றைக்குத்தான். டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை போடுவதும் அப்படியே. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும், கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கருவி லேசான, நடுத்தர நிலைக்கு உதவும். தாடை அறுவை சிகிச்சை, நாக்கு நரம்பைத் தூண்டும் கருவி எல்லாம் வெகு சிலருக்கு.

எடை பற்றி ஒரு பழைய, பலமான ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்தது, 2000-ல் வெளியானது. எடை 10 சதவீதம் குறைந்தால் ஏ.ஹெச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறையும். 80 கிலோ ஆளுக்கு 8 கிலோ. பால்கோவா ஊரில் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஊசி மருந்தும் வந்துவிட்டது. டிர்செப்படைட் மருந்தை, உடல்பருமனும் நடுத்தர அல்லது தீவிர ஸ்லீப் ஆப்னியாவும் உள்ளவர்களுக்கு அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. இந்த நோய்க்கு அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து. சோதனையில் மணிக்குச் சராசரியாக 25-க்கும் மேல் அடைப்புகள் குறைந்தன. 2025 மார்ச்சில் சர்க்கரைக்கும் எடைக்கும் என்று இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. அப்போது தொடக்க டோஸ் ஒரு குப்பி 3,500 ரூபாய், வாரம் ஒன்று. மெஷினின் தொடக்க விலையோடு ஒப்பிட்டால் சுமார் இரண்டு மாதத்தில் சமமாகிவிடும்.

மக்களைத் தேடிப் போகிறவர்கள் இதையும் கேட்கலாம்

2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். ஸ்லீப் ஆப்னியா அதிகம் ஒளிந்திருப்பது இதே பி.பி., சர்க்கரைக்காரர்களிடம்தான். பேசுவது வீட்டு வாசலில், பெரும்பாலும் மனைவியும் கூட நிற்கும்போது. 'ராத்திரி குறட்டை விடுவாரா, நடுவுல மூச்சு நிக்குதா?' என்று கேட்க ஒரு ரூபாய் செலவில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவரும் அங்கேயே இருக்கிறார்.

கேட்டுவிட்டு 'மதுரை போங்க' என்றால் பலன் இல்லை. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. வீட்டு டெஸ்ட் கருவி, ஒரு சின்னப் பையில் அடங்குவது. சிலவற்றைச் சுழற்சியில் கொடுத்து வாங்கி, ரிப்போர்ட்டை மருத்துவக் கல்லூரியில் படிக்க வைத்தால் பெரிய கட்டடமோ புது வார்டோ தேவையில்லை. மில் நிர்வாகங்களும் வருடாந்திர உடல் பரிசோதனையில் எட்டுக் கேள்வியைச் சேர்க்கலாம். பதில் மேனேஜரிடம் போகாது என்ற உறுதியோடு.

ஆபரேஷன் தேதி குறித்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். மயக்க மருந்து டாக்டரிடம் குறட்டையைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள். அவருக்கு அது முக்கியமான தகவல். மெஷின் இருந்தால் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

ரயிலுக்கும் எடுத்துப் போகலாம், ஆனால் பொதிகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தீ விபத்து பயத்தால் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை கோச் சார்ஜிங் பாயிண்ட்களில் மின்சாரத்தை நிறுத்தி வைக்கும் முடிவை ரயில்வே 2021-ல் எடுத்தது. மெஷினுக்கு அது தேவைப்படும் நேரமும் சரியாக அதேதான். தனி பேட்டரி உள்ள மாடல் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாதவர்கள் அன்றைக்கு மட்டும் மல்லாந்து படுக்காமல், சுவர்ப் பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளுங்கள். எதிர் பெர்த்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே, 'சத்தம் நின்னுச்சுன்னா ஒரு தட்டு தட்டுங்க' என்று சொல்லி வைப்பதிலும் தப்பில்லை.